கிராணியார் வரைந்த முகம்

நேற்று வரைந்து வைத்த தன் முகத்தில் இன்று உதடு வெடித்திருப்பதை ராஜநாயகம் பார்த்தார். ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர் கிராணி, கணக்கும் பேரேடும் எழுதுபவர். நிழலிலேயே எழுதிப் பிழைத்தவர். கண்ணாடி முன்னால் நின்று உதட்டைத் தடவிப் பார்த்தார். வழவழவென்றுதான் இருந்தது.

ஜன்னல் வழியே நுழைந்த மூடுபனி, எண்ணெய்ச் சாயத்தின் வாடையோடும் பூட்டிக் கிடந்த ஆலையிலிருந்து வரும் புளித்த தேயிலை வாடையோடும் கலந்து, சுவரை நனைத்து, ஆளில்லாத இரண்டாவது கட்டிலின் மேல் ஈரமாகப் படிந்தது. அது தம்பி ஆர்தரின் கட்டில்.

சயாமில் ரயில் பாதை போட வீட்டுக்கு ஓர் ஆள் என்று ஜப்பான்காரன் கேட்டபோது, தன் பெயரை எழுத வேண்டிய இடத்தில் ஆர்தரின் பெயரை எழுதியவர் ராஜநாயகம். அது தெரியாமல் அவன் சிரித்துக்கொண்டே லோரியில் ஏறினான்.

“நீங்க உடம்பப் பாத்துக்குங்கண்ணே. நான் வந்துருவேன்லா.”

ஏழு மாதமாயிற்று. செய்த பாவத்தைச் சொல்லி அழ, பாவசங்கீர்த்தனம் கேட்கச் சாமியாரும் மலையேறி வருவதில்லை. குற்றம் நெஞ்சை அறுத்தது. ஜப்பான்காரனுக்குப் பயந்து ஓடிப்போன வெள்ளைக்காரத் துரைசானி விட்டுச்சென்ற சாயப்பெட்டியை எடுத்தார். பொய்யில்லாமல் தன் முகத்தை வரைந்து வைத்துவிட்டால் ஆண்டவர் அதையே பாவசங்கீர்த்தனமாக ஏற்றுக்கொள்வார் என்று நம்பினார். பைத்தியக்கார யோசனைதான். பேச ஆளில்லாத வீட்டில் மனுஷனுக்கு வேறென்ன தோன்றும்?

உதட்டைத் திருத்தினார். மறுநாள் படத்தில் கன்னம் ஒட்டியிருந்தது. அதையும் திருத்தினார். அதற்கடுத்த நாள் கண்கள் மஞ்சளாக இருந்தன.

அன்று மத்தியானம் கூலிக்காரர் லயத்திலிருந்து செல்லம் மரவள்ளிக்கிழங்கு கொண்டு வந்தாள். அவள் புருஷனும் அதே லோரியில் போனவன். படத்தைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

“கிராணியாரே! ஆர்தர் தம்பி வந்துருச்சா? ஐயோ, ஏன் இப்படி எலும்பாப் போச்சு? எங்க வீட்டுக்காரரும் வந்துட்டாரா?”

“அது நான், செல்லம்.”

அவள் படத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். கிழங்கை வாசற்படியிலேயே வைத்துவிட்டு விறுவிறுவென்று இறங்கிப் போனாள்.

மூடுபனி கதவுவரை வந்துவிட்டது. எங்கோ தண்ணீர் சொட்டும் சத்தம். வீட்டுக்குள்ளேதான். ராஜநாயகம் திருத்தக் கையிலெடுத்த தூரிகையோடு படத்தின் முன் நின்றார். இனித் திருத்தக் கூடாது. சொல்லிவிட வேண்டும்.

“ஆர்தர், உன் பேர நாந்தான்டா எழுதுனேன்.”

சொட்டும் சத்தம் நின்றது.

கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தார். உள்ளே ஆர்தர் உட்கார்ந்திருந்தான். அவருடைய கொழுத்த கன்னம். வழவழப்பான உதடு. அவருடைய வெள்ளைச் சட்டை.

தூரிகை அவன் கையில்.

ராஜநாயகம் தன் கையைப் பார்த்தார். வெறுங்கை. தோலும் எலும்பும். நகமெல்லாம் சேறு. கத்த வாயைத் திறந்தார். நாக்கு அசையவில்லை. வாய் நிறைய மண். ஈர மண்.

கண்ணாடிக்குள் ஆர்தர் ஒரு கண்ணைச் சுருக்கி அவரை நிதானமாக அளந்து பார்த்தான். பிறகு தூரிகையைக் கறுப்பில் தோய்த்து, வரையத் தொடங்கினான்.