வெளுத்துப் போன ஈஸ்ட்

“வெள்ளையா வந்தா ஜெயிச்ச மாதிரின்னு நீங்கதானே சொன்னீங்க? இப்ப வெள்ளையா வந்துடுச்சேன்னு அழறீங்களே?”

கேட்டவள் லில்லி. துப்பறிவாளர் ஆதிகேசவனிடம் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தவள். தானும் பாதித் துப்பறிவாளர் ஆகிவிட்டதாக அவளுக்கு நினைப்பு. ஆதிகேசவன் ஒரு கண்ணாடிக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிருஷ்ணவேணி கண்ணைத் துடைத்தாள். உள்ளூர்க் கல்லூரியில் ஈஸ்ட்டின் மரபணுவை ஆராய்கிறவள்; இவர்களைத் தன் வீட்டுக்கு வரவழைத்தவள்.

“என்னுது செவப்பு ஈஸ்ட். அதோட மரபணுவுல ஒரு எழுத்து தப்பு. அந்தச் செய்தியைக் கொண்டு வர்ற ஆர்.என்.ஏ. பாதியிலயே ‘நிறுத்து’ன்னுடும். புரதம் அரைகுறையா நின்னுடும், அழுக்கு தேங்கிச் செவந்துடும். அந்த ‘நிறுத்து’வைத் தாண்டிப் படிக்கிற குட்டி ஆர்.என்.ஏ. ஒண்ணு உண்டானா வெளுக்கும். அதைத்தான் எட்டு வருஷமா தேடினேன்.”

கோடையில் லட்சத்தில் ஒன்றாக ஒரு ஈஸ்ட் புள்ளி ரோஜா நிறத்துக்கு வெளுத்தது. கல்லூரியின் ஃப்ரிட்ஜ் பழுது. அந்தப் புள்ளியைக் குழாயில் கோடு வரை நிரப்பிய கரைசலில் விட்டு, பிள்ளையார்பாளையத்தில் அக்காவோடு இருக்கும் இந்த வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு மெட்ராஸுக்குப் போனாள். திரும்பியபோது பால் வெள்ளை. கோட்டுக்கு மேலேயே ததும்பியது. சந்தோஷத்தில் அதை அவள் யோசிக்கவில்லை; எல்லோருக்கும் சொல்லிவிட்டாள்.

“அப்புறம்தான் சோதிச்சேன். என் ஈஸ்ட் நோஞ்சான் சார், குறிப்பிட்ட சத்தை ஊட்டலைன்னா வளராது. இது எதைப் போட்டாலும் தின்னுது. யாரோ மாத்திட்டாங்க. தண்டனை எல்லாம் வேணாம். அசல் எனக்குத் திரும்பி வேணும்.”

நாற்காலியில் இருந்த, அவளுடைய சக ஆசிரியர் தர்மன் கசப்பாகச் சிரித்தார். “என்னைத்தான் சொல்றாங்க. அவங்க இல்லாதப்ப வந்தேன். காப்பி குடிச்சேன், போயிட்டேன். காப்பியும் சுமார்தான்.”

“சுமாரா? ரெண்டு தம்ளர் குடிச்சியேப்பா!” சமையலறை வாசலில் நின்ற கிருஷ்ணவேணியின் அக்கா அம்சா சட்டென்று சொன்னாள். “இவரு உறை கிட்டயே போகலைங்க. நான் பாத்துக்கினுதான் இருந்தேன்.”

“தயிர் உறை இல்லக்கா, ஈஸ்ட்டு” என்றாள் கிருஷ்ணவேணி.

“அக்கா இவரைக் காப்பாத்தறாங்க சார்!” என்று லில்லி கிசுகிசுத்தாள்.

ஆதிகேசவன் குழாயைக் கீழே வைத்தார். “விஷயம் தெரிஞ்சவர் மாத்தியிருந்தா அதே மாதிரி நோஞ்சானா பாத்து வெச்சிருப்பாரும்மா. கெடுக்க வந்தவன் ஈஸ்ட்டைக் கொன்னுட்டுப் போயிருப்பான். இந்தக் கை கோட்டுக்கு மேல ஊத்தியிருக்குது. கொறையக் கூடாதுன்னு நெனைச்ச கை.” அம்சாவின் பக்கம் திரும்பினார். “வீட்டுல உறை கெட்டுப்போனா என்னம்மா செய்வீங்க?”

“பக்கத்து வீட்டுல வாங்கி…” அவள் குரல் இறங்கியது.

“இதுக்கு எங்க வாங்கினீங்க?”

“சாமுவேல் ரொட்டிக் கடையில. ரொட்டி பொங்கறதுக்கும் ஈஸ்ட்டுதானே போடறாங்க.”

தர்மன் நிமிர்ந்து உட்கார்ந்தார். கிருஷ்ணவேணி அவரைப் பார்க்கவே இல்லை.

“கரென்ட் போயி வந்துச்சுடி. எடுத்துப் பாத்தேன். மேல வெறும் தண்ணி, அடியில வெளிறின செம்மண்ணு மாதிரி. பொங்கவும் இல்ல, வாசனையும் இல்ல. செத்துப்போச்சு, நீ வந்து அழுவியேன்னு…”

“அது சாகலக்கா.” கிருஷ்ணவேணியின் குரலில் கோபம் இல்லை, அதைத்தான் லில்லியால் தாங்க முடியவில்லை. “குளிர்ல அப்படித்தான் அடியில படிஞ்சுக்கினு தூங்கும். எத்தனை மாசம் ஆனாலும் தூங்கும்.”

அம்சா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“பழசை என்னம்மா செஞ்சீங்க?” ஆதிகேசவன் கேட்டார். பதில் வேண்டாம் என்பதுபோல் இருந்தது அவர் முகம்.

“கொட்டிட்டு, குழாயைக் கொதிக்கிற தண்ணியில கழுவினேன். சுத்தமா இருக்கணும்னு சொல்லிட்டுத்தானே போனா.”

துப்பு துலங்கிவிட்டது. லில்லி நோட்டை மூடி வைத்தாள். எழுத எதுவும் இல்லை. கிருஷ்ணவேணி எழுந்து போய் அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்தாள்.

“கழுவறதுக்கு முன்னாடி எங்கே கொட்டினேக்கா? சாக்கடையிலயா, மண்ணுலயா? மண்ணுலன்னா ஒருவேளை இன்னும் தூங்கிக்கினு இருக்கும்… வாக்கா. அந்த எடத்தைக் காட்டு.”