அழித்த கேசட்

அந்தக் கேசட்டில் கேம் இருக்க வழியே இல்லை. அதை அழித்தவரே அமிர்தராஜ்தான். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால், துவாக்குடியில் படித்தபோது தங்கியிருந்த அறையில், அறைத்தோழன் பீமராவ் ஸ்ரீரங்கத்துக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரேடியோவில் வந்த சினிமாப் பாட்டுகளை இரண்டு பக்கமும் அதன்மேல் பதிவு செய்தவர் அவர். இன்று காட்டூர் வீட்டு மாடியறையில் டேப்ரெக்கார்டரில் அதைப் போட்டு, பாட்டு வரட்டும் என்று காத்திருந்தால், வந்தது பாட்டு இல்லை. முதலில் நீளமாக ஒரு விசில். அப்புறம் தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரி விட்டு விட்டு ஓர் இரைச்சல். அந்தக் காலத்து வீட்டுக் கம்ப்யூட்டர்கள் கேசட்டிலிருந்து புரோகிராமை இப்படித்தான் படிக்கும்.

நேற்றுத்தான் பீமராவின் தங்கை சுபஸ்ரீ கூப்பிட்டு அனுப்பியிருந்தாள். ஸ்ரீரங்கத்து வீட்டை விற்கப் போகிறார்களாம். அண்ணாவின் கம்ப்யூட்டரையும் ஒரே ஒரு கேசட்டையும் துணிப்பையில் போட்டு நீட்டினாள்.

"இதுல என்ன இருக்குன்னு எங்க யாருக்கும் தெரியலை. நீங்கதான் அண்ணாகூடவே இருந்தேள். பாத்துச் சொல்லுங்கோ."

"நான் பாக்கறேன்மா, நீங்க கவலைப்படாதீங்க" என்று அமிர்தராஜ் பையைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டார். வேறு யாராவது போட்டுக் கேட்டால் பாட்டு வரும். பாட்டு வந்தால், அதைப் பதிவு செய்தது யார் என்று கேள்வி வரும். திருச்சியில் பெரிய கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிற மனுஷனுக்கு அந்தக் கேள்வி ஆகாது.

நடந்தது இதுதான். சிங்கப்பூர் மாமா வாங்கி வந்த அந்த ரப்பர் பொத்தான் கம்ப்யூட்டரில், பீமராவ் சொந்தமாக ஒரு கேம் எழுதினான். விமானம் திரையின் அடியில் நிற்கும், தரை மேலிருந்து கீழாக நகர்ந்துகொண்டே இருக்கும், எதிர்ப்படுவதையெல்லாம் சுட வேண்டும். சின்ன கீபோர்டில் இரண்டு பேரும் தோள் இடித்துக்கொண்டு உட்காருவார்கள். "ஓட்டறது நீ, சுடறது நான்" என்பான் பீமராவ். பெங்களூர் கம்பெனி ஒன்று அவனைக் கேசட்டோடு வரச் சொன்னது. அமிர்தராஜை யாரும் கூப்பிடவில்லை. வயிறு எரிந்தது, அழித்துவிட்டார். கேசட்டைப் போட்டுப் பாட்டைக் கேட்ட பீமராவ், அலமாரி மேலிருந்த அமிர்தராஜின் ரேடியோவை ஒரு தரம் பார்த்தான். வீட்டில் பழைய காப்பி ஏதாவது கிடக்கும் என்று மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினான். திருவெறும்பூரில் லாரி அடித்துவிட்டது. சாவு வீட்டில் எல்லோரையும்விடச் சத்தமாக அழுதவர் அமிர்தராஜ்.

இரைச்சல் நிற்கவில்லை. நிறுத்தியிருக்கலாம். ஆனால் பயத்தைவிடப் பெரிய அரிப்பு ஒன்று உண்டே, என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடும் அரிப்பு, அது அவரை எழுப்பி உட்காரவைத்தது. பரணிலிருந்த பழைய டிவியைத் துடைத்து, டேப்ரெக்கார்டரைக் கம்ப்யூட்டரோடும் கம்ப்யூட்டரை டிவியோடும் ஒயரால் இணைத்தார். கேசட்டை முதலிலிருந்து ஓட்டினார். திரையின் ஓரத்தில் சிவப்பும் நீலமுமாகக் கோடுகள் துடித்தன. சூடேறிய பிளாஸ்டிக்கின் வாசனை அறையில் பரவியது. மனைவி லூர்துராணி சாயங்காலப் பூசைக்குப் போயிருந்தாள். மகள் ஆஷ்லி துவாக்குடியில் வேலை முடிந்து, திருவெறும்பூர் வழியாக ஸ்கூட்டரில் வரும் நேரம். ஜன்னலுக்கு வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது.

கேம் வந்தது. பச்சைத் தரை, நடுவில் சாம்பல் ரோடு, அடியில் வெள்ளை விமானம். தரை மெல்ல இறங்கியது. இடது பக்கம், வலது பக்கம் என்று விரல்கள் தாமாகவே பொத்தான்களைத் தேடிக்கொண்டன. ரோட்டின் வளைவு பழகிய வளைவாக இருந்தது. காலேஜ் வாசல், பஸ் ஸ்டாப், தஞ்சாவூர் ரோடு. எல்லாம் துவாக்குடி. பாவிப் பயல், தான் இருந்த ஊரையே வரைந்திருக்கிறான் என்று அமிர்தராஜுக்கு ஒரு நிமிஷம் சிரிப்புக்கூட வந்தது. அப்புறம் டோல்கேட் இறங்கி வந்தது. பீமராவ் உயிரோடு இருந்த காலத்தில் அங்கே டோல்கேட் கிடையாது.

டிக்.

விமானத்திலிருந்து ஒரு குண்டு கிளம்பியது. அமிர்தராஜ் சுடும் பொத்தானைத் தொடவே இல்லை. குனிந்து பார்த்தார். கீபோர்டின் வலது ஓரத்தில் அந்த ரப்பர் பொத்தான் உள்ளே அமுங்கியிருந்தது, கட்டைவிரல் அளவுக்கு ஒரு குழி விழுந்து. மெல்ல மேலே வந்தது. மறுபடி அமுங்கியது. டிக். திரையில் ஒரு லாரி கறுப்புச் சதுரமாகி, தரையோடு இறங்கி மறைந்தது.

போன் அடித்தது. ஆஷ்லி.

"அப்பா, இங்க திருவெறும்பூர்ல நிக்கறேன். எனக்குப் பின்னாடி வந்துட்டிருந்த லாரிப்பா... திடீர்னு காணோம். கவிழலை, ஒண்ணும் ஆகலை. அப்படியே இல்லாமப் போயிருச்சு. ரோட்ல எல்லாரும் கத்தறாங்க."

திரையின் மேல் விளிம்பில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்திருந்தது. அதன் தலையில் சிவப்பாக இன்னொன்று. ஆஷ்லியின் ஸ்கூட்டர் வெள்ளை, ஹெல்மெட் சிவப்பு.

"அங்கேயே நில்லும்மா! எங்கேயும் போகாதே!"

சொல்லி வாய் மூடவில்லை, புள்ளி விறுவிறுவென்று இறங்கியது. இந்த மாதிரி கேமில் நிற்கிறவர்கள்தான் விமானத்திடம் வந்து சேருவார்கள். தரைதானே நகர்கிறது.

"இல்ல, இல்ல, நிக்காதே! வண்டியை எடு! வேகமா வீட்டுக்கு வா!"

"என்னப்பா, ஒரு மாதிரி பேசறீங்க..."

"வாடி!" என்று கத்தினார். இருபத்து நான்கு வருஷத்தில் மகளை அவர் 'டி' போட்டதில்லை. அவள் பயந்து போய் வண்டியை எடுத்தாள். புள்ளி கீழே இறங்குவது நின்றது.

இனி விமானத்தை ரோட்டைவிட்டுத் தள்ள வேண்டும், அவ்வளவுதான். இடது பொத்தானை அழுத்திப் பிடித்தார். விமானம் வயல்மேல் போனது. டிக், டிக், டிக். குண்டுகள் ஸ்கூட்டரின் பக்கவாட்டில் போயின. ரோடு இடது பக்கம் வளைந்தது, இவர் வலது பொத்தானுக்குத் தாவினார். மறுபடி இடது. விரல் நுனி வெளுத்தது. வேர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி வலது தோளில் ஒரு கனம். தோள் இடித்தது. திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

"பீமா" என்றார். "நான்தாண்டா அழிச்சேன். நான்தான். என்னைச் சுடு. அவ உனக்கு என்னடா பண்ணா?"

பொத்தான் நின்றது. டிவியின் சன்னமான இரைச்சல் மட்டும் கேட்டது. அமிர்தராஜ் மூச்சை விட்டார்.

பிறகு பொத்தான் முன்னைவிட இரண்டு மடங்கு வேகத்தில் அமுங்கத் தொடங்கியது. அவனுக்கு இரக்கம் இல்லை. ஏன் இருக்க வேண்டும்? முப்பத்தைந்து வருஷம் பாட்டுக்கு அடியில் கிடந்தவன்.

டிக்டிக்டிக்டிக். காட்டூர் வந்துவிட்டது. ரோடு குறுகியது. ஸ்கூட்டர் இவர் தெருவுக்குத் திரும்பியது. தெருவில் ஒதுங்க இடமில்லை. இடது பக்கம் வீடு, வலது பக்கம் வீடு. விமானம் ஸ்கூட்டருக்கு நேர் பின்னால் வந்து நின்றது. அமிர்தராஜ் எட்டிப் பிளக்கைப் பிடுங்கினார்.

திரை அணைந்தது. வெளிச்சம் நடுவில் ஒரு புள்ளியாகச் சுருங்கி மறைந்தது.

டிக். டிக். டிக்.

டிவியிலிருந்து இல்லை. ஜன்னலுக்கு வெளியே, தெருவுக்கு மேலே, உயரத்தில்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சுட்டது பீமராவ். விலக்கிக்கொண்டிருந்தது இவர். இப்போது விலக்க ஆள் இல்லை. பிளக்கைத் திரும்பச் சொருகினார். திரை வெள்ளையாக வந்தது. ஒன்றுமில்லாத வெள்ளை. கேசட்டை முதலிலிருந்து ஓட்டினால்தான் கேம். அதற்கு அஞ்சு நிமிஷம் வேண்டும். இருந்தும் வெற்றுத் திரையின் முன்னால் இடது பொத்தானை அமுக்கினார். அமுக்கினார். அமுக்கினார்.

கீழே ஹாரன். ஆஷ்லி.

ஜன்னலுக்கு ஓடினார். கேட்டுக்கு முன்னால் ஸ்கூட்டர் நின்றது, லைட் எரிந்துகொண்டிருந்தது. அவள் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றாமல், வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, மேல என்னப்பா அது?"

"உள்ள வா! ஆஷ்லி, உள்ள..."

டிக்.

ரத்தம் இல்லை. அலறல் இல்லை. அவள் நின்ற இடத்தில் ஒரு கறுப்புச் சதுரம். ஓரங்கள் நேராக. அதில் வெளிச்சம் விழவில்லை.

அமிர்தராஜ் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி பார்த்தார். தெரு நகர்ந்தது. சத்தமே இல்லாமல், மொத்தத் தெருவும் வீட்டை நோக்கி வந்து, ஜன்னலின் கீழ் விளிம்புக்குள் இறங்கியது. முதலில் சதுரம் போனது. பிறகு ஸ்கூட்டர், லைட் எரிந்தபடியே. பிறகு எதிர்வீட்டுக் காம்பவுண்டு.

தெருக்கோடி இறங்கி வந்தது. அங்கே பூக்காரியிடம் பேரம் பேசிக்கொண்டு, தலையில் முக்காட்டோடு லூர்துராணி நின்றிருந்தாள். நின்றபடியே, மெல்ல, மெல்ல, அவரை நோக்கி வந்துகொண்டிருந்தாள்.