பெயர் கூப்பிட்டபோது

திரைக்குப் பின்னால் டங்கன் பேசியதில் ஒரு சொல்கூடக் குழறவில்லை. அதுதான் கெரினுக்கு முதலில் உறுத்தியது. பதினோரு டிகிரித் தண்ணீரில் முக்கால் மணி நேரம் முங்கிக் கிடந்து ஏறுகிறவனுக்கு உதடு மரத்துப் பல் தந்தியடிக்கும். தன் பெயரைச் சொல்லவே அரை நிமிடம் ஆகும். பாதியிலேயே ஏறிவிட்ட இவளுக்கே இன்னும் தாடை நடுக்கம் நிற்கவில்லை. அவனோ படகின் உடை மாற்றும் அறைக்குள் கொஞ்சிக்கொண்டிருக்கிறான். கூடவே இமோஜெனின் சிரிப்பு.

இமோஜென் நான்கு நாள் முன்பு ஹோபார்ட் விடுதியில் வந்து ஒட்டிக்கொண்டவள். காலையில் டங்கனின் முதுகுக் காற்றுச் சிலிண்டரைத் தானே இறுக்கிக் கட்டிவிட்டு, "என்னடி முறைக்கிற? உன் புருஷனைக் கடிச்சா தின்னுடுவேன்?" என்றாள். கெரின் சிரித்து வைத்தாள்.

அடியில், கடற்பாசிக் காட்டுக்குள், கெரினுக்குக் காது அடைத்தது. ஜோடியாக இறங்கினவன் ஜோடியாகத்தான் ஏற வேண்டும். கட்டினவன் என்பதெல்லாம் அப்புறம். டங்கன் அவளை மேலே ஏறச் சொல்லி நங்கூரக் கயிற்றைப் பிடிக்க வைத்துவிட்டு, இமோஜெனோடு கடலடிக் குகைப் பக்கம் போனான். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை, பாவி.

காற்று திசை மாறியது. படகுக்காரர் ராஸ் பெயர்ப் பட்டியல் பலகையோடு வந்து அவசரமாகப் பெயர் கூப்பிட்டார். அவரவர் பெயருக்கு அவரவர் வாயால்தான் பதில் சொல்ல வேண்டும். அவர் படகில் அது ஒன்றுதான் சட்டம்.

"டங்கன்! இமோஜென்!"

பதில் இல்லை. உள்ளே கிசுகிசுப்பு.

"ரெண்டு பேரும் உள்ளதான் இருக்காங்க," என்றாள் கெரின். "கூப்பிட்டா வர்ற நிலைமையில இல்ல."

"நீ பாத்தியாம்மா?"

"என் புருஷன் குரல் எனக்குத் தெரியாதா?"

ராஸ் சங்கடத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டு இரண்டு பெயருக்கும் குறி போட்டார். அந்த இரக்கம் அவளை இன்னும் சுட்டது. படகு கிளம்பியது.

அரை மணி நேரம். எஞ்சின் இரைச்சலையும் மீறி அந்தச் சிரிப்பு அவள் காதுக்கு மட்டும் வழி கண்டுபிடித்து வந்தது. ஜிப் இறங்கும் சத்தம், துணி உரசும் சத்தம், அவன் மூச்சு. நாசமாய்ப் போங்கள் என்று பல்லைக் கடித்தாள்.

"ஏம்மா," ராஸின் குரல் மாறியிருந்தது. "அவங்க சிலிண்டரை எங்க வெச்சாங்க?"

கெரின் சிலிண்டர் நிறுத்தும் தாங்கியைப் பார்த்தாள். எட்டுக் குழி. ஆறு சிலிண்டர்.

"திருப்புங்க!" என்று அலறினாள். "படகைத் திருப்புங்க!"

ஓடிப்போய்த் திரையை இழுத்தாள்.

யாரும் இல்லை. காலையில் மடித்து வைத்த சட்டைகள் அப்படியே இருந்தன. தரை காய்ந்து கிடந்தது.

சிரிப்பு நிற்கவில்லை. வெறும் பெஞ்சிலிருந்து வந்தது.

பிறகு டங்கனின் குரல். தெளிவாக.

"ஷ்ஷ். வந்துட்டா."

காய்ந்த பலகையில் ஈரமாக ஒரு பாதம் பதிந்தது. இன்னொன்று. பக்கத்தில், சின்னதாக, வேறு இரண்டு.

கெரினை நோக்கி.