பழுப்புக் கம்பளி

தூறலில் புகை மேலே எழ முடியாமல் மலைச்சரிவிலேயே படுத்துக் கிடந்தது. யாரோ ஆட்டு ரோமத்தை எரிக்கிறார்கள்... வாடையிலேயே பைன்டாவுக்குத் தெரிந்துவிட்டது.

வேலி தாண்டி ஓடினாள். எரியும் குவியலுக்குப் பக்கத்தில் ஒருவன் கைகட்டி நின்றிருந்தான். ஒன்றும் கேட்காமல் ஒரு கத்தையை இழுத்து வெளியே போட்டாள்.

"என் ஆடு, என் ரோமம், என் நெருப்பு... உங்களுக்கு என்னங்க கஷ்டம்?"

"இந்தப் பழுப்பைப் பாருங்க. எந்தச் சாயத்துலயும் வராது. இதைப் போய் எரிக்கிறீங்களே."

"வாங்க ஆளில்லையே. வேணும்னா தூக்கிட்டுப் போங்க."

அப்போதுதான் அவன் கண்களைப் பார்த்தாள். மழைக்கு முந்தைய கடல் மாதிரி சாம்பல் நிறம்... யாரிடமும் பேசாமல் பழகிப்போன கண்கள்.

ஹானுஸ் என்று பெயர். அம்மா இறந்தபின் மேட்டு வீட்டில் தனி ஆள். பைன்டா ஸ்வெட்டர்களுக்குப் பின்னல் வடிவம் வரைபவள். கோபன்ஹேகனில் கல்யாணம் முறிந்து, பிறந்து வளர்ந்த சான்டோய் தீவுக்கே திரும்பி, காற்றோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள்.

ரோமத்தைக் கழுவி, சிக்கெடுத்து, நூற்றாள். சரிவில் ஆடுகள் நடந்து தேய்த்த தடங்களையே வடிவமாக வரைந்து ஒரு ஸ்வெட்டர் பின்னினாள். தோள் பின்னும்போதெல்லாம் அவன் தோள்தான் நினைவில்... எதுக்குடி இதெல்லாம்?

கொண்டுபோய் நீட்டியபோது அவன் முகம் இறுகிவிட்டது. அம்மா போனதிலிருந்து ஊர்க்காரர்கள் வாசலில் சூப்பை வைத்துவிட்டுப் போவார்கள். உட்கார்ந்து பேசத்தான் ஒருவருமில்லை. இதையும் அப்படியே நினைத்துக்கொண்டான்.

"பரிதாபப்பட்டு எதுவும் தர வேண்டாங்க." கதவு சாத்திக்கொண்டது.

அவளுக்கும் ரோஷம் உண்டு. அந்தப் பக்கமே போகவில்லை. குளிர்காலம் வந்தது. மத்தியானமே இருட்டியது. அந்த ஸ்வெட்டரைத் தானே போட்டுக்கொண்டு, யாரோ பின்னப்போகும் வடிவங்களை வரைந்தாள். சில நாள் அடுப்பில் கொதிக்கும் கெட்டிலிடம்தான் பேசினாள்.

மழை பெய்த ஒரு காலையில் கதவு தட்டும் சத்தம். சொட்டச் சொட்ட ஹானுஸ், தோளில் ஒரு சாக்கு. கறுப்பு, பழுப்பு, வெள்ளை என்று ரோமத்தைத் தனித்தனியாகப் பிரித்துக் கட்டியிருந்தான். அவன் பார்வை அவள் மேலிருந்த ஸ்வெட்டரில் நின்றது.

"உங்களுக்கு ரொம்பப் பெருசா இருக்கே."

"எனக்குன்னு பின்னலையே."

"அளவே எடுக்கலையே நீங்க..."

"அன்னைக்கு நெருப்புகிட்ட பார்த்தேன்ல... அது போதும்." தலை குனிந்தாள். "பரிதாபம் இல்லைங்க. என் வீட்லயும் யாருமில்ல."

அவன் சாக்கை இறக்கி வாசலில் வைத்தான்.

"கதவைச் சாத்திட்டு, நீங்க இறங்கிப் போறதை ஜன்னல்ல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்... கூப்பிடத் தெரியல. இந்தச் சாக்கும் சும்மா ஒரு சாக்குதான். உங்களைப் பார்க்காம இருக்க முடியல, பைன்டா."

அவள் ஸ்வெட்டரைக் கழற்றி நீட்டினாள். வாங்கி, தலைவழியாக மாட்டிக்கொண்டான். அவள் உடம்பின் சூடு அதில் இன்னும் ஆறியிருக்கவில்லை.