பின்னாலிருந்து வந்த எண்ணிக்கை

அன்னூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதே நஞ்சுண்டனுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. சட்டையில் பதக்கங்கள் வேறு. இலங்கையில் சண்டை போட்டுத் திரும்பியபோது வரவேற்க ஒரு நாதி இல்லை. சொந்த ஜனமே முகம் சுளித்தது. முப்பத்தேழு வருடம் கழித்து, அங்கே செத்தவர்களின் பெயர் பொறித்த கல்லை இன்றுதான் திறக்கிறார்கள். பெயர்ப் பட்டியல் கொடுத்தவர் அவர்தான்.

கல்லின் முன்னால், அவரோடு படையில் இருந்த ஐயாசாமியின் மனைவி பாப்பாயி நின்றிருந்தாள்.

“ஏனுங்கண்ணா, எங்கூட்டுக்காரரு பேரு இல்லீங்களே?”

“ஓடிப்போனவன் பேரை எப்படி அம்மணி போடறது?”

“ஓடற மனுசன் இல்லீங்க அவரு. கூட இருந்த உங்களுக்குத் தெரியாதுங்களா?”

தெரியும். நன்றாகவே தெரியும்.

இலங்கையில் ஒரு ராத்திரி, பனங்காட்டு இருட்டில் ஏழு பேர் ஒற்றை வரிசையில் போனார்கள். கடைசி ஆள் முன்னவன் தோளைத் தட்டி ‘ஒண்ணு’ என்று கிசுகிசுப்பான்; அவன் அடுத்தவனைத் தட்டி ‘ரெண்டு’ என்பான். முதல் ஆளான நஞ்சுண்டனுக்கு ‘ஆறு’ வந்து சேர்ந்தால் எல்லோரும் இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

‘அஞ்சு’ என்று வந்தது.

கடைசியில் வந்த ஐயாசாமி இல்லை. பின்னால் சேற்றுப் பள்ளத்திலிருந்து, “அண்ணா...” என்று முனகல் கேட்டது. நஞ்சுண்டன் திரும்பவில்லை. அவருக்குத் தன் உயிர் வெல்லக்கட்டி. முகாமுக்கு வந்ததும், ஐயாசாமி துப்பாக்கியோடு எதிரியிடம் ஓடிவிட்டான் என்று எழுதிக் கொடுத்தார். மற்ற ஐந்து பேரும் வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள்.

அந்த ஐவரும் இன்று வந்திருந்தார்கள். உச்சி வெயிலில், ஆளுக்கொரு மாலையோடு, நஞ்சுண்டன் முன்னால் போக, பழைய மாதிரியே வரிசையாகக் கல்லை நோக்கி நடந்தார்கள். எண்ணிக்கை தட்டலாம் என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

நஞ்சுண்டன் தோளில் தட்டு விழுந்தது.

“ஆறு.”

“அஞ்சுதானே வரோணும்?”

யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் நின்ற ஜபருல்லா பின்னால் திரும்பிப் பார்த்தார்.

“எம்முதுகுக்குப் பின்னால ‘ஒண்ணு’ன்னு கேட்டுச்சுங்க. நான் ‘ரெண்டு’ன்னு தட்டிப்போட்டேன்.”

அவருக்குப் பின்னால் வெறும் தார் ரோடுதான் கிடந்தது. சேற்று வாடை குப்பென்று அடித்தது.

பாப்பாயி நஞ்சுண்டனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதே, இத்தனை பேர் முன்னால் உண்மையைச் சொல்லிவிடலாம். மைக்கை அவர் கையில் கொடுத்தார்கள்.

“எங்களக் கைவிட்டுப்போட்டாங்க! ஒருத்தருமே திரும்பிப் பாக்கலீங்க!”

எல்லோரும் கைதட்டினார்கள். பாப்பாயி தலையைக் குனிந்துகொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். பாவி மனுஷன், அப்போதும் அவளைக் கூப்பிடவில்லை.

வீட்டில் யாரும் இல்லை. மகன் குடும்பத்தோடு சோமனூர் போயிருந்தான். நஞ்சுண்டன் கதவைத் தாழிட்டு இரண்டடி நடந்தார்.

ஈரமான விரல்கள் தோளைத் தட்டின.

“ஒண்ணு.”

முன்னால் தட்டுவதற்கு ஆளில்லை. திரும்பக் கழுத்து வரவில்லை. வாய் மட்டும் தானாகத் திறந்தது.

“ரெண்டு.”

காதோரம் மெல்லக் கேட்டது:

“போலாங்கண்ணா.”