டாக்டர் சொன்ன ஒரு கிளாஸ்

செவ்வாய்க்கிழமை காலை நஜ்லாவின் வீட்டுக்கு வந்த ஃபிலோமின், வெள்ளை நர்ஸ் உடுப்பிலேயே வந்திருந்தாள். இந்த உடுப்பைப் போடும் உரிமை தனக்குச் சாயங்காலம் நான்கு மணிவரைதான் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

நஜ்லா ஸஹ்லே நகர நீதிமன்றத்தில் முப்பது வருடம் விசாரணை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். யார் எதைச் சொன்னாலும் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் பதில் சொல்வார். பக்கத்தில் டாக்ஸிக்காரர் பர்ஹூம் இருந்தார். ஊரில் எங்கே பிரச்சினை என்றாலும் அவருக்கு முதலில் மூக்கில் வியர்த்துவிடும்.

"யாரு நாலு மணிக்கு உடுப்பைப் பிடுங்கறது?" என்றார் பர்ஹூம்.

"கைசர். பெரியவர் தன்னூஸோட மகன். நான் இன்சுலினை ரெண்டு மடங்கா குத்திட்டேன்னு நாலு மணிக்கு நர்ஸ் சங்கத்துல புகார் குடுக்கப் போறாரு. அப்புறம் போலீஸ். பதினோரு வருஷம் வீடு வீடாப் போய் ஊசி போட்டவ நான். நாளைக்கு எந்த வீட்டுல என்னை உள்ள விடுவாங்க?"

நடந்தது இதுதான். தன்னூஸுக்கு எழுபத்திரண்டு வயது. அரக் என்னும் சோம்புச் சாராயத்தைச் சொந்தமாகக் காய்ச்சுகிறவர், சர்க்கரைக்காரர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஃபிலோமின் வழக்கமான பதினெட்டு யூனிட் ஊசி போட்டாள். திங்கட்கிழமை காலை பத்தரைக்கு அவர் பால்கனியில் நினைவில்லாமல் கிடந்தார். ரத்தத்தில் சர்க்கரை வெறும் முப்பத்துநான்கு. ஆஸ்பத்திரியில் பிழைக்கவைத்து இன்று காலைதான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

"அவர் குடிப்பாரா?" என்று கேட்டார் நஜ்லா.

"சாப்பாட்டோட ஒரு கிளாஸ் அரக். டாக்டரே அனுமதிச்சதுதான். ரெண்டு வருஷமா சர்க்கரை நல்லா கட்டுப்பாட்டுல இருக்கு. அளவா, சாப்பாட்டோட எடுத்தா அவருக்கு அது ஒண்ணும் பண்ணல. வெறும் வயித்துல எடுத்தாதான் வம்பு. அரக் உள்ள போச்சுன்னா ஈரல் மத்த வேலையை விட்டுட்டு அதைத்தான் பாக்கும். நாம சாப்பிடாத நேரத்துல ரத்தத்துக்குச் சர்க்கரை எடுத்துக் குடுக்கறதும் அதே ஈரல்தான். அதனால மறுநாள் காலைலகூட ஆள் விழுந்துடலாம். ஆனா அவர் குடிச்சது ஒரு கிளாஸ். காலைலயும் சாப்பிட்டிருக்காரு. நான் கேட்டுட்டேன்."

"யாரைக் கேட்டே?"

"அவரையேதான்."

நஜ்லா காப்பியைக் குடித்து முடித்தார். "பர்ஹூம், வண்டியை எடு."

"எனக்கு அந்த மகன் மேலதான் சந்தேகம்க்கா," என்றார் பர்ஹூம், சாவியைத் தேடியபடி. "சொத்துக்காக இருக்கும்."

"உனக்கு எப்பவும் மகன் மேலதான் சந்தேகம்."

கைசர் கதவைத் திறந்ததும் ஃபிலோமினைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். நஜ்லாவை ஊரே மதிக்கும் என்பதால் உள்ளே விட்டான். நஜ்லா முதலில் குளிர்பெட்டியில் இருந்த இன்சுலின் பேனாவைக் கேட்டு வாங்கினார்.

"இது எப்பத் திறந்தது?"

"போன செவ்வாய்," என்றாள் ஃபிலோமின். "முந்நூறு யூனிட். தினம் பதினெட்டு. அதுக்கு முன்னால ஊசி சரியா வருதான்னு பாக்க ரெண்டு வெளிய தள்ளுவேன்."

"ஒரு நாளைக்கு இருபது. ஞாயிறு வரைக்கும் ஆறு நாள்." நஜ்லா பேனாவை வெளிச்சத்தில் பிடித்தார். "நூத்தியெண்பது மிச்சம் இருக்கணும். இருக்கு."

"வேற பேனா பையில கொண்டு வந்திருக்கலாமே?" என்றான் கைசர்.

"வந்திருக்கலாம்," என்று ஒப்புக்கொண்டார் நஜ்லா. பர்ஹூம் ஏதோ சொல்ல வாயெடுத்து, நஜ்லாவின் பார்வையைக் கண்டு மூடிக்கொண்டார்.

சமையலறையில் கைசரின் மனைவி லமியா இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பாத்திரம் எல்லாம் இன்னும் தொட்டியில் கிடந்தது.

"திங்கக்கிழமை காலைலதான் கழுவலாம்னு விட்டேன். அதுக்குள்ள இந்தக் கலவரம். ஆஸ்பத்திரியும் வீடுமா அலைஞ்சதுல கை வைக்கவே நேரமில்லை," என்றாள் லமியா வெட்கத்தோடு.

"நல்லதாப் போச்சு. ஞாயித்துக்கிழமை மாமா எத்தனை கிளாஸ் குடிச்சாரு?"

"ஒண்ணே ஒண்ணு. கறிக்கு அன்னைக்குத்தான் கடைசி நாள், மறுநாள் நம்ம சபை வழக்கப்படி தவக்கால நோன்பு தொடங்குது. ஊரே திங்குது, குடிக்குது. இவரு தட்டுல ரெண்டு வாய் கொறிச்சாரு, அவ்வளவுதான். அரக்கும் எல்லை மீறிடக் கூடாதுன்னு கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திட்டுப் பாத்தேன். அலமாரில இருந்து எத்தனை கிளாஸ் எடுக்கறாருன்னு எண்ணிட்டே இருந்தேன். ஒண்ணுதான். பாருங்க, அதோ."

பர்ஹூம் தலையாட்டினார். இந்த ஊரில் ஒருவன் எத்தனை குடித்தான் என்று அறிய இதைவிட நம்பகமான வழி கிடையாது. அரக்கை ஊற்றி, தண்ணீர் சேர்த்து, கடைசியில் பனிக்கட்டி போட்டுக் குடிப்பார்கள். அடுத்த முறைக்குப் புதுக் கிளாஸ்தான். குடித்த கிளாஸிலேயே மறுபடி ஊற்றினால் சோம்பெண்ணெய் உறைந்து ஆடை கட்டும். தன்மானமுள்ள எவனும் அதில் வாய் வைக்க மாட்டான்.

நஜ்லா தொட்டியிலிருந்த சின்னக் கிளாஸை எடுத்து ஜன்னலோரம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். பிறகு அதை ஒரு துணியில் சுற்றிக்கொண்டார்.

"திங்கக்கிழமை காலைல அவருக்கு என்ன குடுத்தே?"

"அவருக்கு நோன்பு கிடையாது. டாக்டரும் வேணாம்னுட்டாரு, சாமியாரும் விலக்கு குடுத்துட்டாரு. எட்டு மணிக்கு ரொட்டியைச் சுருட்டி, காகிதம் சுத்திக் குடுத்தேன். தினமும் லப்னே, கெட்டித் தயிர் தடவித்தான் குடுப்பேன். ஆனா நோன்பு நாள்ல பால் சாமான் வீட்டுக்குள்ள வராதே. ஸாத்தர் இலைப் பொடியும் ஆலிவ் எண்ணெயும் தடவினேன். வெறும் காகிதம்தான் திரும்பி வந்துச்சு."

தன்னூஸ் முன்னறையில் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் வந்து சுற்றி உட்கார்ந்ததும், "என்ன, என்னைப் புதைக்க வந்தீங்களா?" என்றார்.

"உடம்பு எப்படி இருக்கு?" என்று விசாரித்தார் நஜ்லா. "ஆஸ்பத்திரிச் சாப்பாடு எப்படி?"

"நாய் தின்னாது."

"வீட்டுச் சாப்பாடு மாதிரி வருமா? அன்னைக்குக் காலைலகூட ரொட்டி சாப்பிட்டீங்களாமே. லப்னே புளிச்சுப் போயிருந்ததா? சில சமயம் அதனாலகூட மயக்கம் வரும்."

"லேசாப் புளிப்பு இருந்துச்சு," என்றார் தன்னூஸ் உடனே. "ஆனா நான் ஒண்ணும் சொல்லல. மருமக மனசு நோகுமே."

லமியா எழுந்து நின்றுவிட்டாள். "மாமா! நான் லப்னே வைக்கவே இல்லையே!"

தன்னூஸ் போர்வையின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அந்த ரொட்டியை நீங்க பிரிச்சுக்கூடப் பாக்கல," என்றார் நஜ்லா. "யாருக்குப் போட்டீங்க?"

"...கீழ் வீட்டு நாய்க்கு."

"ஏன்?"

"அறுபது வருஷமா நோன்போட முதல் நாள் மத்தியானத்துக்கு முன்னால தண்ணிகூடத் தொட்டதில்ல. கோயில்ல எல்லாரும் வெறும் வயித்தோட நிக்கறப்ப நான் மட்டும் வாயைத் துடைச்சுட்டுப் போய் நிக்கணுமா? பன்னண்டு மணிவரைக்கும்தானே. தாங்கிடுவேன்னு நினைச்சேன்."

"நோன்பு மட்டும்னா ஒருவேளை தாங்கியிருப்பீங்க." நஜ்லா துணியைப் பிரித்து கிளாஸை மேஜையில் வைத்தார். "இதைப் பாருங்க எல்லாரும். உள்பக்கம் வெள்ளையா ஆடை. ஒரு வளையம் இல்லை, மூணு. ஒண்ணுக்குக் கீழே ஒண்ணு. ஒரு தடவை ஊத்திக் குடிச்ச கிளாஸ் இப்படி இருக்காது. லமியா அலமாரியைக் காவல் காத்தா. பாட்டிலைக் காக்கல. அவளைச் சொல்லிக் குத்தமில்லை, இந்த ஊர்ல யாரும் கிளாஸைத்தான் எண்ணுவாங்க."

"மாமா, அதே கிளாஸ்லயா?" லமியாவின் குரலில் குடித்ததைவிட இதற்குத்தான் அதிர்ச்சி தெரிந்தது.

"டாக்டர் ஒரு கிளாஸ்னாரு," என்றார் தன்னூஸ் கம்மிய குரலில். "நான் ஒரே கிளாஸ்லதான் குடிச்சேன்."

பர்ஹூம் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"சரியான சாப்பாடு இல்லாம மூணு அரக்," என்றார் நஜ்லா. "ராத்திரி முழுக்க ஈரலுக்கு அந்த வேலை. காலைல வயித்துல ஒண்ணும் இல்லை. அந்தப் பதினெட்டு யூனிட் மட்டும் தன் பாட்டுக்கு தினம் போல வேலை செஞ்சுது. ஃபிலோமின் ஊசியைச் சரியாத்தான் போட்டா. இவரு எப்பவும்போல சாப்பிடுவாருன்னு நம்பிப் போட்டா."

கைசர் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு அப்பாவைப் பார்த்தான். "நேத்து சாயங்காலமே கண்ணு முழிச்சீங்க. நான் உங்க கட்டில் பக்கத்துல உக்காந்துதானே புகாரை எழுதினேன்? படிச்சுக்கூடக் காட்டினேனே?"

"சொன்னா அந்த ஒரு கிளாஸையும் நிறுத்திடுவீங்க," என்றார் தன்னூஸ். "எனக்குன்னு மிச்சம் இருக்கறது அதுதான்டா."

கைசர் சட்டைப்பையிலிருந்து புகாரை எடுத்து நான்காகக் கிழித்தான். "சிஸ்டர், என்னை மன்னிச்சிடுங்க. வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்."

ஃபிலோமின் பையிலிருந்து சர்க்கரைக் கருவியை எடுத்தாள். இத்தனை நேரம் அழாமல் இருந்தவள் இப்போதும் அழவில்லை. தன்னூஸின் விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தாள். நூற்று நாற்பது. அதை நோட்டில் எழுதினாள்.

"இன்னும் ஒரு நாள் அரக் வேணாம். அப்புறம் டாக்டரைக் கேட்டு, சாப்பிட்டுட்டே ஒண்ணு. ஊசி போட வர்றவங்ககிட்ட என்ன குடிச்சீங்க, என்ன சாப்பிட்டீங்கன்னு மறைக்காம சொல்லுங்க."

"வர்றவங்களா? நீதானேம்மா வருவே?" என்றார் தன்னூஸ்.

"ரெண்டு வருஷமா தினமும் வந்தேன். உங்க ஒரு கிளாஸ் போயிடுமேன்னு என் பேரு போறதைப் பாத்துட்டு இருந்தீங்க." ஃபிலோமின் பையை மூடினாள். "இன்னைக்குச் சாயங்காலத்துக்கு வேற நர்ஸை நானே அனுப்பி வைக்கறேன். நல்லா ஊசி போடுவா."

பர்ஹூம் முந்திக்கொண்டு ஓடி வண்டிக் கதவைத் திறந்து பிடித்தார். "வீட்டுக்கா சிஸ்டர்?"

"இல்லைண்ணே," என்றாள் ஃபிலோமின். "ஆறு மணிக்குள்ள இன்னும் மூணு வீடு இருக்கு."