கடல் உள்வாங்கும் நேரம்

படகிலிருந்து இறங்கியதும் அக்கா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். "எவ்வளவு பெரிய கரைடா! போட்டோவுல பாத்ததவிடப் பெருசா இருக்கே."

வீட்டுத் தரகரான தம்பி தலையை ஆட்டினார். தீவில் வீடு விற்கிறவர்களுக்கு ஒரு தொழில் ரகசியம் உண்டு. கடல் உள்வாங்கும் நேரம் பார்த்துத்தான் பார்ட்டியைக் கூட்டி வருவார்கள். அப்போது வாசலுக்கு முன்னால் ஒரு மைதானம் அளவுக்கு மணல் கிடக்கும். போட்டோவும் அந்த நேரத்தில் எடுத்ததுதான். 'ஓய்வுக்கும் ஏற்றது, விடுமுறை வாடகைக்கும் ஏற்றது' என்று கீழே ஒரு வரி. கடல் ஏறினால் அந்த மைதானம் எங்கே போகும் என்று யாரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.

ஊரார் தலையில் கட்டுவது வேறு. இன்று வந்திருப்பது கூடப்பிறந்தவள். ஆஸ்பத்திரியில் காலமெல்லாம் நர்ஸாக நின்று முட்டி தேய்ந்தவள். ஓய்வுபெற்று வந்த பணம் முழுவதையும் இந்த வீட்டில் போடப்போகிறாள். அவர் போனில் படத்தைப் பார்த்துவிட்டு அவளேதான் பிடிவாதம் பிடித்தாள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால், தம்பி என்ன பிழைப்பு பிழைக்கிறான் என்பது தெரிந்துவிடும். அந்த வெட்கத்துக்குப் பயந்தே வாயை மூடிக்கொண்டு கூட்டி வந்தார்.

கதவைத் திறந்ததும் புதுப் பெயிண்ட் வாசனை. அதற்கு அடியில் வேறொரு வாடை, ஈரத்துணியை நாள்கணக்கில் மூடிவைத்ததுபோல.

"சுவரெல்லாம் புதுசா அடிச்சியா?"

"ஆமாக்கா. பளிச்சுனு இருக்கட்டுமேன்னு."

பின்னறையில் வாளி ஒன்று தரையில் உரசியது. பிறகு தண்ணீரைக் கோரி ஊற்றும் சத்தம்.

சளப்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

சளப்.

"யாருடா உள்ள?"

"வீடு கழுவ ஆள் வச்சிருக்கேன்" என்றார். நாக்கு கூசாமல் பொய் வந்துவிட்டது. வீட்டுச் சாவி ஒன்றே ஒன்றுதான், அது அவர் கையில் இருந்தது.

இதற்கு முன் இந்த வீட்டை வாங்கியவர் ரிட்டயரான ஒரு டீச்சர், மகன் வெளியூரில் இருந்ததால் தனியாள். முதல் மழைக்காலத்திலேயே கடல் வீட்டுக்குள் வந்தது. டீச்சர் போன் செய்தார். "ரெண்டு நாள் பொறுத்துக்கோங்க, தானா வடிஞ்சிரும்" என்றார் தரகர். மறுபடி மறுபடி அழைப்பு வந்தபோது எடுக்கவில்லை. பின்னறையில் டீச்சரைக் கண்டெடுத்தவர்கள், விரல்களிலிருந்து வாளியைப் பிரிக்கவே முடியவில்லை என்றார்கள். டீச்சரின் மகன் வீட்டை அவரிடமே விற்கக் கொடுத்தான். சுவரில் இருந்த தண்ணீர்த் தடத்தின் மேல் அவர் பெயிண்ட் அடித்தார்.

அக்கா பின்னறைப் பக்கம் நடந்தாள். "போதும்மா, விடுங்க. சுத்தமாத்தான் இருக்கு."

சத்தம் நின்றது.

"எங்க விடுறது?" மூச்சு வாங்கும் கிழக்குரல் கிசுகிசுத்தது. "இன்னும் வந்துட்டே இருக்கே."

"ஐயோ, தனியாவா செய்யறீங்க?" என்றபடி அக்கா உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

தரகர் நின்ற இடத்திலிருந்தே கூப்பிட்டார்.

சளப்.

சளப். சளப்.

இப்போது இரண்டு பேர் கோருகிறார்கள்.

அவர் ஓடிப்போய்க் கதவை இடித்துத் திறந்தார். ஜன்னல் வழியே பட்டப்பகல் வெயில் விழுந்துகொண்டிருந்தது. தரை காய்ந்து கிடந்தது. நடுவில் அக்கா மட்டும் நின்றாள். இடுப்பு வரை புடவை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கையில் வாளி இல்லை, விரல்கள் மட்டும் எதையோ பிடித்தபடி மடங்கியிருந்தன. சுவரில், புதுப் பெயிண்டைத் தாண்டிக்கொண்டு, அதே இடுப்பளவில் ஒரு பழுப்புக் கோடு.

"அக்கா, வா போயிரலாம். இந்த வீடு வேணாம். நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்."

அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். கன்னத்தில் ஒன்று வைத்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

"கூட வந்திருக்கறது யாருன்னு கேட்டாங்க" என்றாள். "என் தம்பின்னு சொல்ல வாய் வரலடா."

திரும்பும் படகில் ஏற அவர் கை நீட்டினார். அவள் பிடிக்கவில்லை. முட்டி வலியோடு பலகையைப் பிடித்துத் தானே ஏறினாள். அவர் கூனிக் குறுகி எதிரே உட்கார்ந்தார். பின்னால் கடல் மணலை விழுங்கிக்கொண்டு வாசலை நெருங்கியிருந்தது.

சட்டைப்பையில் போன் அடித்தது.

திரையில் 'பீச் ஹவுஸ் டீச்சர்' என்று இருந்தது. டீச்சரின் போன் அவரோடு அதே தண்ணீரில் போய்விட்டது. பழக்கதோஷத்தில் தரகரின் கட்டைவிரல் அழைப்பைத் துண்டிக்கப் போனது.

டீச்சர் அழைத்ததையும், தான் எடுக்காமல் விட்டதையும் அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அக்காவிடமும்தான்.

அக்கா கடலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"இந்தத் தடவையாவது எடுடா."